சரியான விலை

“புது வண்டி, ஆயிரம் ரூபாய். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். சரியான விலையை எழுதுங்க,” என்றார் ஆறுச்சாமி.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையாக இருந்த காலம் அது. கஞ்சிக்கோட்டிலிருந்து கோயமுத்தூர் மோட்டார் பட்டறைக்குத் தினமும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த தம்பி நஞ்சப்பனுக்காக, தென்னந்தோப்பை விற்றுப் பாலக்காட்டுத் தரகர் ஒருவரிடம் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிள் வாசலில் பச்சைப்பசேலென்று நின்றது.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு எழுதிக்கொண்டார். “நாளைக்குக் கம்பெனி மெக்கானிக் வந்து எஞ்சினைப் பாத்துட்டுப் போவாருங்க. அப்பறம் வண்டி களவு போனாலும் கவலையில்லீங்க.”

“இன்சூரன்ஸ் வேண்டாமுங்ணா,” என்றான் நஞ்சப்பன்.

“ஏண்டா?”

“வீண் செலவுங்ணா.”

“தோப்பை வித்து வாங்கின வண்டி உனக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சா?”

ஏஜெண்டு எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். ஆறுச்சாமியும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அண்ணி பூவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. “உங்க அண்ணன் மனசை இப்படி நோகடிக்கலாமுங்களா?”

“அது பத்து வருசத்துப் பழைய வண்டிங்க அண்ணி. போன மாசம் அந்தத் தரகன் எங்க பட்டறைக்குத்தான் கொண்டாந்தான். அதுக்குப் பச்சை பெயிண்டு அடிச்சதே நானுங்க. அவனை நான் பாத்துக்கறேன். அண்ணனுக்குத் தெரிய வேண்டாமுங்க.”

சற்று நேரத்தில் கோபம் ஆறாமலே திரும்பி வந்தார் ஆறுச்சாமி. வாசலில் பூவாத்தாள் முந்தானையால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“புது வண்டியாச்சுங்களே. தூசி படிய விடலாமுங்களா?”