வேலி சாயாமல் வந்த யானை

வேலி அப்படியே இருந்தது. ஒரு கம்பி வளையவில்லை, ஒரு கொப்பு முறியவில்லை. ஆனாலும் தோப்புக்கு நட்டநடுவில், பஞ்சவர்ண மாமரத்தடியில், இந்தச் சனிக்கிழமையும் யானைச் சாணம் கிடந்தது.

வரதராஜ் இடுப்பில் கைவைத்து அதையே முறைத்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறுவதற்கு முன்பே அவருக்குத் தலை சூடாகிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில், வீட்டை ஒட்டி மலையடிவாரம் வரை போகும் தோப்பு அது. மனைகளாகப் பிரித்து விற்க ஒரு வியாபாரியிடம் பேசி அட்வான்ஸும் வாங்கியாயிற்று. ஆனால் பக்கத்தில் காடு. யானை நடமாட்டம் இல்லை என்று வனத்துறை எழுதிக்கொடுத்தால்தான் மனைக்கு அனுமதி. வருகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் தோப்பு தோப்பாகவே கிடக்க வேண்டியதுதான். கோயம்புத்தூரில் அவர் பார்த்து வைத்திருக்கிற வீடும் கைநழுவிப் போகும்.

"எம் பேர்ல பட்டா இருக்கு. எந் நெலத்த விக்க நான் எவனக் கேக்கணும்?"

இதை அவர் தாலுகா ஆபீஸில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், வீட்டில் தினமும் சொன்னார். பட்டா அவர் பேரில்தான், சந்தேகமில்லை. தோப்பு என்னவோ மாமனார் மகளுக்குச் சீராகக் கொடுத்தது. அதை மாப்பிள்ளை பேரில் எழுதிவைப்பதுதான் மரியாதை என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். விற்கப்போகிற சேதியைச் சொன்ன அன்று ஜயலக்ஷ்மி ஒரே ஒரு முறை வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று வரதராஜ் எடுத்துக்கொண்டார்.

அவருடைய சந்தேகமெல்லாம் பக்கத்துத் தோப்பு எட்வின் மேல். எட்வின்தான் முதலில் இந்தத் தோப்பைக் கேட்டவர். விலை படியவில்லை. மனைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் அடிமாட்டு விலைக்குத் தன் கைக்கே வரும் என்று ஆள் காத்திருக்கிறார் போல.

நேற்று வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் எட்வின் வேலியோரமாக ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போனதை வரதராஜ் கண்ணாலேயே பார்த்தார். என்ன என்று கேட்டால் ஆட்டுப்புழுக்கை என்றார். ஆட்டுப்புழுக்கையை எவன் இருட்டுகிற நேரத்தில் இழுப்பான்?

அதைச் சொல்ல நேற்றே வீட்டுக்குள் ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்த ஜயலக்ஷ்மி குளித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நல்ல கூட்டம், வேர்த்திருக்கும் போல. அவள் வெளியே வரும்வரை அவருக்குப் பொறுமை இல்லை, கதவுக்கு வெளியே நின்றே எட்வினைத் திட்டித் தீர்த்தார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்று காலை ஆய்வுக்கு வந்த வனவர் உக்கிரபாண்டி வேலியைச் சுற்றி நடந்து பார்த்தார். ஈரமண்ணில் ஒரு காலடித் தடமும் இல்லை. ஒரு குச்சியை ஒடித்துச் சாணத்தைக் கிளறினார். உள்ளேயிருந்து முடிச்சுப் போட்ட வாழைநார் ஒன்றும் துளசிக் குச்சிகளும் வந்தன.

"காட்டு யானைக்கு எவன் மால கட்டிப் போடுதான்? இது கோவில் யானைச் சாணம் அண்ணாச்சி. யாரோ கொண்டாந்து போட்டுருக்காக."

யானை வரவில்லை என்று இன்றைக்கே எழுதிவிடுவதாக அவர் சொன்னதும் வரதராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. வேலியோரம் போய் நின்று எட்வினைக் கூப்பிட்டார்.

எட்வின் அந்தச் சாக்கையே கொண்டுவந்து வனவர் முன்னால் கொட்டிக் காட்டினார். ஆட்டுப்புழுக்கைதான். நேற்று எது இருந்ததோ, இன்றைக்கு மாற்றி வைத்திருப்பாய் என்றார் வரதராஜ்.

"நான் சர்ச்சுக்குப் போறவன் அண்ணாச்சி. கோவில் யானைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் எட்வின். பாகனைப் பிடித்தால் சாணம் கிடைக்காதா, அதற்குச் சாமி கும்பிடவா வேண்டும் என்று வரதராஜ் மடக்கினார்.

அரசாங்கத்தை ஏமாற்றப் பார்த்தது சின்ன விஷயமில்லை, யார் மேல் சந்தேகமோ அவர் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போலீஸ் விசாரிக்கும் என்றார் வனவர். வரதராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பிறந்ததுபோல அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

வனவருக்குக் காபி கொண்டுவந்த ஜயலக்ஷ்மி மாமரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எட்வின் அண்ணன விட்டுருங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. தன் அப்பா நட்ட மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கணவரை நேராகப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம தவறாம கோவிலுக்குப் போயிட்டு வந்து எதுக்குக் குளிக்கேன்னு என்னைய ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"