தோளுக்குப் பின்னால்

செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் குணேஸ்வரி தன் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

களவு போய்விடும் என்ற பயமில்லை. பிறேமன் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வியாபாரியின் மாளிகைத் தோட்டத்தைப் பார்க்கச் சனிக்கிழமை காலையில் வருகிற ஜேர்மன் கிழவிகளில் யார் அவளுடைய பையைப் பறிக்கப்போகிறார்கள்.

அந்த வியாபாரிக்கு ஒருகாலத்தில் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தனவாம். இந்த மாளிகை, குளம், பூமரங்கள் எல்லாம் அந்தக் காசுதான் என்று வழிகாட்டிப் பெண் கூடத்திலேயே சொல்லிவிட்டாள்.

கூடத்துச் சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய பெண்கள் வரிசையாக நின்ற படத்தின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். குணேஸ்வரி மட்டும் ஒரு பூச்சாடியைப் பார்க்கிற சாட்டில் விறுவிறென்று நடந்துவிட்டாள்.

மகன் கவிஷன் அதைக் கவனித்தானோ தெரியாது. கவனித்தாலும் சொல்லமாட்டான். மூன்று வருடமாக அம்மாவோடு அவனுக்குக் கதை என்பது ஓம், இல்லை, டொக்டரிட்டை டெர்மின் இருக்கு, அவ்வளவுதான். இன்று அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள். பூமரங்கள் என்றால் அவளுக்கு உயிர் என்பதால் இவ்வளவு தூரம் காரில் கூட்டிவந்திருக்கிறான். வழி முழுக்க ரேடியோதான் கதைத்தது.

எல்லாம் வேணுஜாவால் வந்தது. இல்லை, குணேஸ்வரியால் வந்தது.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவன்று கவிஷன் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டினான். குணேஸ்வரி வழக்கம்போல எந்த ஊர் என்று கேட்டாள். பண்டாரவளைப் பக்கம், அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்று அது ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னது.

“தோட்டக்காட்டு ஆக்கள் எங்களுக்குச் சரிவராது” என்று வீட்டுக்கு வந்ததும் குணேஸ்வரி சொல்லிவிட்டாள். ஒற்றைக்காலில் நின்றாள். பூச்சிமருந்து குடிப்பேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

இப்போது வேணுஜா சூரிச்சில் இன்னொருவனின் மனைவி. கைக்குழந்தையும் இருக்கிறதாம். கவிஷனுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. அவன் தலை நிமிராமல் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், என்ன வேலை பார்த்துவிட்டேன் என்று நினைப்பாள். அதை வாய் திறந்து சொல்லத்தான் வராது.

கண்ணாடி வீட்டின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தேயிலைச் செடி தளதளவென்று நின்றது.

விரும்பியவர்கள் நினைவாக ஆளுக்கொரு இலை பறிக்கலாம் என்றாள் வழிகாட்டி. ஒரு கிழவர் அடியில் கிடந்த முற்றல் இலையைப் பிய்த்தார். இன்னொருத்தி காம்போடு முறித்தாள். குணேஸ்வரி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனாள்.

“நீங்களும் ஒண்டு பிடுங்குங்கோ அம்மா.”

அவன் அம்மா என்று கூப்பிட்டு எவ்வளவு காலம். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவனே கை நீட்டி அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றுகூட இருந்தது.

அந்தப் பூரிப்பில்தான் அவள் மறந்துபோனாள்.

மற்றவர்களைப்போல ஒரு இலையைப் பிய்த்துக்கொண்டு வரத்தான் போனாள். கைகள் கேட்கவில்லை. இரண்டும் செடியின்மேல் ஓடின. குருத்தும் இரண்டு இலையுமாக டக்கு டக்கென்று கிள்ளின. முற்றலை ஒரு விரலும் தொடவில்லை. கை நிறைந்ததும் இரண்டும் ஒன்றாக எழும்பி, கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்தன.

பின்னால் கூடை இல்லை. கொழுந்து சீமெந்துத் தரையில் சிதறியது.

ஜேர்மன்காரர்கள் கைதட்டினார்கள்.

குணேஸ்வரி திரும்பவில்லை. மானிப்பாய், மானிப்பாய் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது செத்துப்போன புருஷனுடைய ஊரை. எண்பத்துமூன்று கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டைவிட்டு அவள் வவுனியாவுக்கு ஓடிவந்த கதை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சம்பந்தம் என்று வந்தால் வேணுஜாவின் தாய் தன்னை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம்தான் அன்று அவளை அப்படி ஆடவைத்தது.

கவிஷன் குனிந்து கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பொறுக்கி முடிந்தும் உடனே எழும்பவில்லை.

“வேணுஜாவின்ர அம்மாவும் எனக்கு இப்பிடித்தான் செய்து காட்டினவா” என்றான். “வீட்டில நிண்ட கறிவேப்பிலையில. சிரிச்சுச் சிரிச்சு.”

எழுந்து வந்து, பையைத் திறந்து கொழுந்தை உள்ளே வைத்து மூடி அவளிடம் நீட்டினான்.

“பிடியுங்கோ” என்றான். அம்மா என்று சொல்லவில்லை.