கடைசியாகக் கூப்பிட்ட நாடு

கிளீவ்லாந்து நகர மையத்தில் இருந்த பழைய ஃபெடரல் கோர்ட்டில் அன்றுதான் அமெரிக்கக் குடியுரிமை வழங்கும் கடைசி விழா. திங்கட்கிழமை முதல் கட்டடத்துக்குப் பூட்டு.

"டார்லா, உன் ஆளு இன்னிக்கும் வந்துட்டாரு," என்றார் வாசல் காவலர் வெண்டல். "கடைசி பெஞ்சு. என் சோதனை வாசல் வழியா மட்டும் ஒரு நாளும் வந்ததில்ல."

"நீ தூங்குற நேரமாப் பார்த்து வந்திருப்பாரு," என்றாள் கோர்ட் கிளார்க் டார்லா.

விழாவில், புதுக் குடிமக்கள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தார்களோ அவற்றின் பெயர்களை வாசிப்பது அவள் வேலை. பெயர் வந்ததும் அந்த நாட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பிறகு நீதிபதி உறுதிமொழி சொல்லித் தருவார். வெண்டல் சொன்ன அந்தக் கடைசி பெஞ்சுக் கம்பளிக் கோட்டுப் பெரியவர் மட்டும் ஒவ்வொரு விழாவிலும் உட்கார்ந்தே இருப்பார்.

இன்று டார்லா அவர் அருகில் போய்க் குனிந்தாள். "ஐயா, நீங்க எந்த நாடு? இனிமே இங்க விழா கிடையாது."

"ஆஸ்திரியா-ஹங்கேரிம்மா. கூப்பிட்டா எழுந்துக்குவேன்."

அந்த நாடு மறைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் கூப்பிடாவிட்டால், பூட்டிய கட்டடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கொலம்பியா, கானா, நேபாளம், வியட்நாம் என்று வாசித்து முடித்தாள். நீதிபதி ஹாப்வுட் வாய் திறப்பதற்குள் அவசரமாக ஒன்றைச் சேர்த்தாள்.

"ஆஸ்திரியா-ஹங்கேரி."

பெரியவர் எழுந்தார். கூடவே, பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் அரங்கின் மாடி வரிசைகளில், ஆள் எழுந்ததும் தானாக மடங்கும் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று மடங்கின.

சத்தம் அடங்கும்வரை நீதிபதி காத்திருந்தார். டார்லாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு வலது கையை உயர்த்தி, மாடிக்கும் கேட்கும்படி உரத்த குரலில் உறுதிமொழியைத் தொடங்கினார்.