மூன்றாவது பெயர்

கிளியனூர் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில் பூசாரி கிடைக்காமல் ஏஐ பெட்டி வைத்துவிட்டார்கள். பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும்; திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன்கூட எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வான், அப்படிக் கணீரென்று அர்ச்சனை செய்யும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பானுப்ரியா தன் பெயரையும் பக்கத்தில் நின்ற கணவன் ஆனந்தராஜ் பெயரையும் சொன்னாள். பெட்டி இரண்டையும் சொல்லிவிட்டு, "கயல்விழி, ரோகிணி நட்சத்திரம்" என்றது.

அவள் கையிலிருந்த தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போன குழந்தை. மனசுக்குள் வைத்திருந்த கயல்விழி என்ற பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குழந்தை பிறந்த அன்று தினக் காலண்டரில் ரோகிணி என்று பார்த்திருந்தாள். ஆனந்தராஜ் குழந்தையை மறந்தே போனான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"மெஷின் என்னமோ ஒளறிக்கினு இருக்குது. வாங்க, போலாம்," என்றாள்.

ஆனந்தராஜ் நகரவில்லை. பெட்டியிடம் குனிந்து, ஐயரிடம் பேசுவதுபோலப் பணிவாகச் சொன்னான்.

"ரோகிணி இல்லீங்க. அவ பொறக்கறதுக்கு முன்னாடி, காலைல எட்டு மணிக்கே நட்சத்திரம் மாறிடுச்சு. மிருகசீரிஷம்."

பானுப்ரியா அவன் பக்கம் திரும்பினாள்.

"பஞ்சாங்கம் பாத்து வெச்சிருந்தேன்," என்றான் அவளைப் பார்க்காமல். "கயல்விழியா? நல்ல பேரு, பானு."

பெட்டி அர்ச்சனையை முதலிலிருந்து தொடங்கியது. இருவரும் கைகூப்பினார்கள்.

"கயல்விழி, மிருகசீரிஷ நட்சத்திரம்," என்றது. "நாலாம் வகுப்பு. படிப்பு நல்லா வரணும்."