நாலாவது மனு

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. இது செல்லாது."

குமாஸ்தா இஷ்தியாக் அகமது மனுவை முழுசாகப் படித்ததாகக்கூடத் தெரியவில்லை. மேஜை மேலேயே பங்கஜத்தின் பக்கம் தள்ளிவிட்டார். முப்பது வயசுக்குள் முகத்தில் அத்தனை கடுகடுப்பு.

"ஏன் சார், இன்னா தப்பு?"

"மார்ஜின் எங்க? ரெண்டு விரக்கடை விட்டு எழுதணும்."

ஆம்பூர் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய கல்வி நிதி அது. அவர்கள் கொடுத்த கடனில்தான் பங்கஜம் வேலூரில் டீச்சர் டிரெயினிங் படித்தாள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. கடன் நானூற்றிருபது ரூபாய். ஜாமீன், அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் பத்திரம்.

போன வாரம் அவள் புருஷன் கிருஷ்ணராஜுக்குத் தோல் கம்பெனிச் சுண்ணாம்புத் தொட்டியில் வலது கை வெந்துபோயிற்று. ஆற ஆறு மாசம் ஆகும் என்றார் டாக்டர்.

பங்கஜம் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே கம்பெனியில் ஆட்டு மயிர் பிரிக்கிற வேலை கேட்டு வாங்கினாள். படிப்பை விட்டுவிடுவது, கடனைத் தவணையில் கட்டுவது, வீட்டை மட்டும் கைவிடுவதில்லை. இவ்வளவுதான் அவள் கணக்கு. மனு கொடுக்காமல் பத்து நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் ஜாமீன் வீட்டை எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வரும். அதனால்தான் ஓடி வந்தாள்.

வகுப்புக்குப் போகாத ஆறாம் நாள், இரண்டு விரக்கடை மார்ஜினோடு மறுபடி வந்தாள்.

"'படிப்பிலிருந்து நின்றுகொள்கிறேன். கடனைத் தவணையில் செலுத்த அனுமதிக்கவும்.'" இஷ்தியாக் வாய்விட்டுப் படித்தார். "நின்னுக்கிறீங்க... ஹூம்?"

"நின்னா நிக்கிறேன்னுதானே சார் எழுதணும்? படுத்துக்கிறேன்னா எழுதறது?"

வாசற்படியில் இருந்த பியூன் அஹமது பாஷா சிரித்துவிட்டான். இஷ்தியாக் சிரிக்கவில்லை.

"தேதி மேல போட்டிருக்கீங்க. கீழ போடணும். போய்ட்டு வாங்க."

பத்தாம் நாள் வந்தாள். இன்றைக்கு விட்டால் வீடு போச்சு.

'படிப்பை நிறுத்திவிடுகிறேன்' என்ற வரி வரைக்கும்தான் இஷ்தியாக்கின் கண் போனது. அப்புறம் அவருடைய முழங்கை இங்க் புட்டியில் இடித்தது. மனு முழுக்க நீலம்.

"அடடா. வேற எழுதுங்க. தாள் ரெண்டு நயா பைசாதானே, குடி ஒண்ணும் முழுகிடாது."

"எங்க குடிதான் சார் முழுகுது!" பங்கஜத்தின் குரல் கூரையைத் தொட்டது. "மூணு தடவ! வேணும்னே பண்றீங்க. இன்னா நெனச்சிட்டீங்க, நான் ஆசைப்பட்டா படிப்ப விடறேன்? டீச்சராவாம நான் ஓய மாட்டேன். அவர் கை ஆறுற வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன், அவ்ளோதான்! ஆறின மறுநாள் மொத பஸ்ஸுல போயி கிளாஸ்ல ஒக்காருவேன், பாத்துக்கினே இருங்க!"

அரைக்கதவுக்கு உள்ளேயிருந்து செக்ரட்டரி சாயபுவின் குரல் வந்தது. "இன்னா அங்க பேஜார்?"

"ஒண்ணுமில்லீங்க." இஷ்தியாக் தலை நிமிராமல் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன் தள்ளினார். "இங்க கத்தாதீங்கம்மா. கத்தினத அப்படியே பேப்பர்ல கத்துங்க."

"எழுதறேன்! பயமா எனக்கு?"

நிப்பு பிளக்கிற மாதிரி அழுத்தி எழுதினாள். கை ஆறுகிறவரை நிறுத்தி வைக்கிறேன். ஆறின மறுநாள் வருவேன். மார்ஜினும் இல்லை, தேதியும் இல்லை. கையெழுத்தைப் போட்டு வீசினாள்.

இஷ்தியாக் தானே தேதியைப் போட்டார். சீலைக் குத்தினார். உள்ளே எடுத்துப் போய் இரண்டே நிமிஷத்தில் செக்ரட்டரியின் கையெழுத்தோடு திரும்பி, அதற்கு ஒரு நகல் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த காகிதக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வாசற்படி இறங்கியதும்தான் பங்கஜத்துக்குத் திக்கென்றது.

"ஐயோ! தவணை கேட்டு எழுதவே இல்லியே! அந்தப் பாவி கெளப்பின கோவத்துல..."

"அடியில இன்னா எழுதியிருக்கு, படிம்மா" என்றான் அஹமது பாஷா.

'ஓராண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. அதுவரை கடன் பாக்கி கேட்க வேண்டியதில்லை.'

பங்கஜம் இரண்டு தடவை படித்தாள். "இது... எப்படி பாய்?"

"'விட்டுட்டேன்', 'நின்னுட்டேன்'னு எழுதினா முப்பது நாள்ல மொத்தத்தையும் கட்டணும். தவணையெல்லாம் கெடையாது. 'நிறுத்தி வெக்கிறேன்'னு எழுதினா ஒரு வருஷம் யாரும் உன்ன கேக்க மாட்டாங்க. இங்க ரூலே அப்படித்தான்."

"அத மொத நாளே சொல்லித் தொலைக்கறது!"

"எப்படிம்மா சொல்லுவாரு? மனு குடுக்கிறவங்களுக்கு யோசனை சொல்ற குமாஸ்தாவ அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. செக்ரட்டரி காது அந்த அரைக்கதவுலதான இருக்கு."

"அனுப்பினா அனுப்பட்டுமே பாய். படிச்சவரு. அவருக்கு வேற வேலையா கெடைக்காது?"

அஹமது பாஷா ஒருமுறை திரும்பி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கெடைக்கும். இவங்க விடணுமே? பி.ஏ. ரெண்டாவது வருஷத்துல வாப்பா மவுத்தாயிட்டாருன்னு, அவரும் இங்கதான் ஒரு மனு குடுத்தாரு. நல்லா மார்ஜின் விட்டு, அழகா, 'விட்டுவிடுகிறேன்'னு எழுதி. முப்பது நாள்ல கட்ட முடியல, இங்கயே வேலைக்குப் புடிச்சிப் போட்டுட்டாங்க. எட்டு வருஷமா பாதிச் சம்பளத்துல வட்டியோட அந்தக் கடனத்தான் கழிச்சினு இருக்காரு."