முன்வரிசையில் ஹாஜியார்

கல்முனைச் சிறுவர் கலைவிழாவின் முன்வரிசையில் றிஸ்லாவும் அவளுடைய பிள்ளைகள் இஹ்ஸானும் ஹனாவும், பின்கதிரையில் தேத்தண்ணிக்கடை உதுமாலெவ்வையும் இருந்தார்கள். கடைசியாக வந்தவர் றிஸ்லாவின் வாப்பா அலியார் ஹாஜியார்.

"நம்மட குடும்பத்துப் புள்ளைகள் மேளத்துக்கு முன்னால குந்துறதா? எழும்பு, வீட்ட போவம்."

சின்னவள் ஹனாவைத் தூக்கித் தோளில் போட்டார். மேளம் முழங்கியது. இரண்டடி வைத்தவர், திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ன ஹாஜியார், கூத்து உங்களையும் புடிச்சிட்டா?" உதுமாலெவ்வை சிரித்தார்.

ஹாஜியார் முதுகை நிமிர்த்திக்கொண்டார். 

மேளம் ஓய்ந்ததும் இஹ்ஸான் கேட்டான். "மூத்தாப்பா, நாளைக்கும் வருவமா?"

"ஓம், வருவம்."

விழா நடந்த மூன்று நாளும் கடைசிவரை இருந்தார். வயது போன காலத்தில் ஹாஜியாருக்குக் கூத்துப் பைத்தியம் என்று ஊரெல்லாம் கதை.

அது பொய். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து எட்டு மாதம். அலைச்சத்தம் கேட்டால் ஹனா அலறி எழும்புவாள். அந்த வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. மேளச் சத்தத்தில் கடல் கேட்கவில்லை. அவர் தோளிலேயே அவள் உறங்கிப்போனாள்.

மேடையில் என்ன நடந்தது என்று ஹாஜியாருக்குத் தெரியாது.