அவள் எங்கே பொருந்துவாள்?

"நாளையிலேர்ந்து அந்தப் புது அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் நம்ம டீம்ல எங்க பொருந்துவா?" என்று கால்பந்துப் பயிற்சியாளர் கேட்டதும் கேப்டன் உதட்டைப் பிதுக்கினாள்.

"பெஞ்சுல! நாலு பேரை ஏமாத்தி ஓடுறா, அஞ்சாவது ஆள்கிட்டப் பந்தைத் தாரை வார்த்துடுறா. பாஸ் கொடுக்கச் சொன்னா, பார்க்க வந்தவங்களுக்குக் கொடுக்கிறா. அவ வேணாம் சார்."

"முடிவாவா?"

"முடிவாத்தான்."

பயிற்சியாளர் இரண்டு ஒப்பந்தங்களைச் சேர்த்துக் கிழித்தார்.

"ரெண்டாவது யாரோடது சார்?"

"உன்னோடது. உனக்கு வயசாயிடுச்சுன்னு நிர்வாகம் போன வாரமே கழட்டிவிடச் சொல்லிடுச்சு. 'அந்த அக்கா இருந்தாத்தான் நான் வருவேன்'னு அவதான் பிடிவாதமா நின்னா."

கேப்டன் தடாலெனக் குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"சார், அவ இடது காலு தங்கம் சார்!"